டிக்கெட்டுக்கு முன் டாக்டர்!

என் மாமியாருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். தென்காசி வீட்டில் சும்மா இருக்கும்போதே ஆக்சிஜன் அளவு 91 தான். மும்பையில் பேத்தி கல்யாணத்துக்காக, மதுரையிலிருந்து விமான டிக்கெட் எடுத்துவிட்டோம். கிளம்ப நான்கே நாள் இருக்கையில் டாக்டர் அதட்டினார்: "குற்றாலச் சாரல்ல நிக்கிற மாதிரின்னு நினைச்சீங்களா? விமானத்துக்குள்ளே காற்றழுத்தம் ஊட்டியில இருக்கிற அளவுக்குக் குறையும்மா. ஆக்சிஜன் இன்னும் இறங்கிடும்!"

பதறிப்போய் விமான கம்பெனிக்கு போன் செய்தோம். வீட்டு சிலிண்டருக்கு அனுமதி இல்லையாம். டாக்டர் பூர்த்தி செய்த 'மெடிஃப்' படிவத்தை 48 மணி நேரம் முன்பே அனுப்பணுமாம். அனுப்பிவிட்டு, அவர்கள் ஏற்கும் பேட்டரி ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். விமானம் தாமதமானாலும் தாங்க, பயண நேரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு பேட்டரி!

அத்தை நல்லபடியாகப் போய் அட்சதை போட்டார். மூச்சுத்திணறல் உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்லும் சகோதரிகளே, முதலில் டாக்டரைப் பாருங்கள். பிறகு டிக்கெட் எடுங்கள்.

— ஒரு வாசகி, தென்காசி.