தூசியிலிருந்து ஒரு தூது

1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து ஏவப்பட்ட வாயேஜர் 1 என்னும் விண்கலம், வியாழனையும் சனியையும் அருகிருந்து கண்டு, அவற்றின் உருவங்களை நமக்கு அனுப்பிவிட்டு, இனி மீளாத பிரயாணமாக அகண்ட வெளியை நோக்கி விரைந்தது.

1990 பிப்ரவரி 14 அன்று, ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, வானியல் அறிஞர் கார்ல் சேகன் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயனாக, அது தன் காமிராவைப் பின்புறம் திருப்பியபோது, சாம்ராஜ்யங்கள் எழுந்து விழுந்ததும், ஞானியர் தவம் செய்ததும், தாய்மார் தாலாட்டியதுமான இந்தப் பூமி, ஒளிக்கீற்று ஒன்றிலே மிதக்கும் தூசியாக மட்டுமே தோன்றிற்று.

பிரபஞ்சம் நம்மை வெறுக்கவுமில்லை, நேசிக்கவுமில்லை. நம் இன்ப துன்பங்களை அது அறியவே அறியாது. அப்படியானால் மனித ஜன்மத்துக்கு அர்த்தம் ஏது என்று உள்ளம் துணுக்குறுவது இயல்பே.

ஆயினும், அதே கலத்தின் பக்கத்திலே பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. 55 மொழிகளில் வாழ்த்துரைகளும், மழையின் ஓசையும், பறவைகளின் குரலும், இசைமேதை பாக்கின் இசையும், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி ராக கானமும் அதில் அடங்கியுள்ளன.

2012 ஆகஸ்டில் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்துவிட்ட அந்தக் கலம், மற்றொரு நட்சத்திரத்தை ஓரளவேனும் நெருங்க இன்னும் சுமார் 40,000 ஆண்டுகள் ஆகும். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லாமற் போகலாம். எனினும், கேட்பார் உண்டோ இல்லையோ என்று தயங்காமல், மனித குலம் தன் பாட்டையும் வாழ்த்தையும் இருளிலே அனுப்பத் துணிந்த அந்த அன்பிலேதான், இத்தூசியில் பிறந்த நம் வாழ்வின் அர்த்தத்தை நான் காண்கிறேன்.