ஒளியும் காமிராவும்

இசையரங்கில் பாடுவோரும் மிருதங்கம் வாசிப்போரும் ஒரே தாளத்தைப் பற்றி நிற்பர். அத்தாளம் சிறிது பிறழினும் கச்சேரியின் சுவை குன்றும். விரைந்து நிகழும் செயல்களைப் படம் பிடிக்கும் காமிராவுக்கும், அதற்கு ஒளி தரும் விளக்குக்கும் இத்தகைய ஒற்றுமை வேண்டும். இங்குத் தாளம் தவறினால் படமே கிடைக்காமற் போகும்.

விரைந்து இயங்கும் பொருளைத் தெளிவாகப் படமாக்க ஒரு கணமே மின்னும் ஒளி உதவும் என்பதை, 1851ஆம் ஆண்டிலேயே ஆங்கில அறிஞர் டால்பட் மெய்ப்பித்தார். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அச்சிட்ட தாள் ஒன்றைப் பொருத்தி, இருட்டறையில் மின்பொறியின் ஒளியால் அவர் அதனைப் படமெடுத்தார். எழுத்துகள் மங்காது விளங்கின. பிற்காலத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹரால்டு எட்ஜர்ட்டன் இம்முறையைப் பெரிதும் வளர்த்தார். ஆப்பிள் பழத்தைத் துளைத்துச் செல்லும் துப்பாக்கிக் குண்டை அவர் 1964ஆம் ஆண்டில் படமாக்கினார். இத்தகைய படமெடுப்பில், இருட்டறையில் காமிராவின் கதவு முன்னரே திறந்திருக்கும். வெடியோசையை ஒலிவாங்கி உணர்ந்ததும் விளக்கு மின்னி மறையும்.

விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிவிநாடி எனப்படும். விநாடிக்கு 850 மீட்டர் செல்லும் குண்டு, ஒரு மில்லிவிநாடியில் 85 சென்டிமீட்டர் கடந்துவிடும். விளக்கு அவ்வளவு பிந்தினும் குண்டு படத்தின் எல்லையைத் தாண்டிவிடும் அன்றோ? ஆதலின், காலமறிந்து கட்டளையிடும் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

ஆற்றல் மிக்க மேசைக் கணினியையே இதற்குப் பயன்படுத்தலாகாதா எனச் சிலர் வினவலாம். கணினி ஒரே காலத்தில் பல அலுவல்களைக் கவனிப்பது. விளக்கை ஏற்ற வேண்டிய கணத்தில் அது வேறொரு வேலையில் ஈடுபட்டிருத்தல் கூடும். அதனால் நேரும் தாமதம் ஒவ்வொரு முறையும் மாறுபடும். மாறாத தாமதத்தை முன்னரே கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மாறும் தாமதத்தை அவ்வாறு கழித்தல் அரிது.

மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கருவியோ, தனக்கு இட்ட ஒரு பணியிலேயே நிலைத்திருக்கும். மாணவரும் வாங்கிப் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் அமைந்த ஒரு வகை மைக்ரோகன்ட்ரோலர், விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. இத்துடிப்புகளை எண்ணுவதற்கெனவே அதனுள் தனி உறுப்புகள் உண்டு. அவை, குறித்த எண்ணிக்கை வந்தவுடன் நிரலின் உதவியை எதிர்பாராமலே மின்குறியை வெளியிட வல்லவை. எனவே கருவியைத் தேர்வோர் அதன் வேகத்தை மட்டும் நோக்குதல் போதாது. இத்தகைய எண்ணும் உறுப்புகள் எத்தனை உள்ளன என்பதையும் நோக்க வேண்டும்.

காமிராக்கள் பல இருப்பின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் அமைத்தல் தகாது. இரண்டு கடிகாரங்களின் வேகம் 10 லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலும், ஒரு நிமிடத்திற்குள் அவை 3 மில்லிவிநாடி விலகிவிடும். ஒரே கருவியிலிருந்து எல்லாக் காமிராக்களுக்கும் விளக்குகளுக்கும் குறி செல்லுமாறு அமைத்தலே முறையாகும்.

மின்னாற்றலையும் கருதுதல் வேண்டும். மைக்ரோகன்ட்ரோலரின் கால்கள் மிகச் சிறிய மின்னோட்டமே தரவல்லவை. பெரிய விளக்கை நேரே இணைத்தால் கருவி கெடும். ஆகவே இடையில் டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து, சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்குவர். மேலும், காமிரா கட்டளையைப் பெற்ற உடனே அதன் கதவு திறந்துவிடுவதில்லை. அத்தாமதத்தை அளந்தறிந்து, கதவு முழுதும் திறந்த பின்னரே விளக்கு மின்னுமாறு காலத்தை வகுத்தல் வேண்டும்.

இன்று தொழிற்சாலைகளில் ஓடும் பட்டையின்மேல் விரைந்து வரும் பொருள்களின் குறைகளைக் கண்டறியவும் இம்முறை பயன்படுகிறது. அங்கு ஒளி பிந்தினால், பழுதுள்ள பொருள் நல்லதெனக் கருதப்பட்டு மக்களிடம் சென்றுவிடக் கூடும். செய்யவேண்டிய பணியின் அளவை முதலில் அறிந்து, அதற்கேற்ற கருவியைப் பின்னர்த் தேர்வதே அறிவுடைமையாகும். ஆற்றல் மிகுந்த கருவியினும், உரிய கணத்தில் தவறாது செயலாற்றும் எளிய கருவியே இப்பணிக்குச் சிறந்தது.