வகுப்பறையை அளக்கட்டும் பிள்ளைகள்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் எல்லைகள் பெரும்பாலும் சொற்களாலேயே எழுதப்பட்டிருக்கும்: கிழக்கே இன்னாருடைய காணி, தெற்கே ஒழுங்கை, இத்தனை பரப்பு, இத்தனை குழி. வேலியும் கிணறும் பனையும் நின்ற காலத்தில் அது போதுமாயிருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பியபோது, பல இடங்களில் வேலியும் இல்லை, வீடும் இல்லை, ஒழுங்கை போன சுவடும் இல்லை. அப்படிப்பட்ட நிலத்தில் எல்லையை மீட்டுத் தரக்கூடியது அளவிடையோடு வரைந்த படம்தான். சொந்தக் காணியின் படத்தை விரித்து, இந்தக் கோடு எத்தனை மீற்றர் என்று தாமே கணக்கிடத் தெரியாதவர் பிறர் சொல்வதை நம்பியே இருக்க வேண்டும். இந்தத் தேர்ச்சியைப் பாடசாலை தர வேண்டும். அதைத் தொடங்க வேண்டிய இடம் இலங்கைப் படமோ உலகப் படமோ அல்ல, பிள்ளை உட்கார்ந்திருக்கும் அறை.

ஏன் அறை? வரைந்ததை உடனே சரிபார்க்க முடிகிற இடம் அதுதான். மேல் வகுப்பில் வரும் 1:50,000 இடவிளக்கப்படத்தில் ஒரு சென்ரிமீற்றர் அரைக் கிலோமீற்றரைக் குறிக்கிறது. அது உண்மைதானா என்று மாணவர் நடந்து பார்ப்பதில்லை. மனனம் செய்து எழுதிவிடுகிறார். 4 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்ரிமீற்றருக்கு அரை மீற்றர் என்று வைத்தால் கொப்பியில் 8க்கு 6 சென்ரிமீற்றர் நீள்சதுரம் வரும். இப்போது மூலைக்கு மூலை கோடு இழுத்து அளக்கச் சொல்லுங்கள்: 10 சென்ரிமீற்றர். அப்படியானால் அறையின் மூலைவிட்டம் 5 மீற்றர் இருக்க வேண்டும். பிள்ளைகள் இதுவரை அளக்காத ஒன்றைப் படம் முன்கூட்டிச் சொல்லிவிட்டது. அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்து 5 மீற்றர் வந்தால், படம் நம்பத்தக்கது என்பதை அவர்கள் கையாலேயே அறிகிறார்கள். வராவிட்டால் இன்னும் நல்லது. அளந்ததில் பிழையா, சுவர் கோணலா என்று தேடத் தொடங்குவார்கள்.

சிறு பிள்ளைகளுக்கு இது எட்டாது என்று சொல்வோர் உண்டு. ஜான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட நூல் அவர்களுக்குத் துணை நிற்கிறது: வேறொருவர் நிற்கும் இடத்திலிருந்து காட்சி எப்படித் தெரியும் என்பதைச் சிறு வயதினரால் எண்ணிப் பார்க்க முடிவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். மேசையை வரையச் சொன்னால் நான்கு கால்களையும் பரப்பி வரைகிற பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். ஆனால் ஜேம்ஸ் பிளோட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970இல் வெளியிட்ட ஆய்வில், பாடசாலையில் சேரும் வயதுப் பிள்ளைகள் வானிலிருந்து எடுத்த ஒளிப்படங்களில் வீடுகளையும் தெருக்களையும் அடையாளம் கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மேலிருந்து பார்க்கும் பார்வை முந்தி வருகிறது, விகிதக் கணக்கு பிந்தி வருகிறது என்றே எனக்குப் படுகிறது. ஆகவே இரண்டையும் ஒரே நாளில் திணிக்கக் கூடாது. தரம் 2இல் மேசை, கதிரை, அலுமாரிக்குக் கடதாசித் துண்டுகளை வெட்டித் தாளில் அடுக்கட்டும். அளவிடை தரம் 5ஐ ஒட்டி வரட்டும். அப்போதுதான் ஒவ்வொரு பொருளையும் இரண்டு சுவர்களிலிருந்து அளந்தே படத்தில் வைக்க வேண்டும் என்ற விதி புரியும். ஒரு சுவரிலிருந்து மட்டும் அளந்தால் அலுமாரி எங்கே நிற்கிறது என்று முடிவாகாது.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இதனால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. நீளம், பின்னம், விகிதம், பரப்பளவு என்று தனித்தனியே பயிற்சித்தாளில் செய்வதை எல்லாம் இந்த ஒரு வேலை கோத்துத் தருகிறது. கைத்தொலைபேசியிலேயே வரைபடம் இருக்கிறதே என்பது இன்னொரு கேள்வி. அது வழி காட்டும். வேலி எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதற்கு அது சான்றாகாது. காணிக் கணக்கோ நம் ஊரில் அளவிடைக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர், பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. 1:500 அளவிடையில் ஒரு சதுர சென்ரிமீற்றர் கிட்டத்தட்ட ஒரு பேர்ச். சதுரக்கோட்டுக் கொப்பியில் பத்துச் சதுரங்களை எண்ணினால் ஒரு பரப்பு. அறையை வரையப் பழகிய பிள்ளை இதைச் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும்.

வேண்டியவை ஓர் அளவு நாடாவும் சதுரக்கோட்டுக் கொப்பியும்தான். குடாநாட்டின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் அடுத்த தவணையில் இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்க வேண்டும்.