இமையில்லாத பொறி

தென்மேற்குப் பருவக்காற்று மேகங்களைக் கொண்டுவந்து மலைமுகட்டில் மோதவிடும் நாட்களில், இலங்கையில் மழை மிகுந்த ஊர்களுள் ஒன்றாகிய வட்டவளையிலே, அடுத்த தேயிலை நிரையில் நிற்பவரையும் கண் காணமாட்டாது. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒருவரையொருவர் குரலால் அறிந்து, கங்காணியின் கூப்பாட்டால் திசை உணர்ந்தே வேலை செய்வர். விடியுமுன் தப்பொலி கேட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்திற் கூடிய முன்னோரும் காதை நம்பியே எழுந்தவர்கள். கண்ணுக்கு இமையும் வாய்க்கு இதழும் வைத்த இயற்கை, காதுக்கு மட்டும் கதவு வைக்கவில்லை.

மனிதச் செவி புறச்செவி, நடுச்செவி, அகச்செவி என மூன்று பகுதிகளை உடையது. செவிமடல் திரட்டித் தரும் ஒலி, குழாய் வழியே சென்று மெல்லிய செவிப்பறையை அதிர்விக்கும். அவ்வதிர்வை உருவத்தால் சம்மட்டி, பட்டடை, அங்கவடி எனப் பெயர்பெற்ற மூன்று சிற்றெலும்புகள் உள்ளே கடத்தும். ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் அளவேயான அங்கவடிதான் நம் தேகத்தின் மிகச் சிறிய எலும்பு. அதற்கப்பால் நத்தையோட்டைப் போலச் சுருண்டு, திரவம் நிறைந்த நாளத்தில், சுமார் 15,000 நுண்மயிர்க் கலங்கள் அலையை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன. இச்சுருளின் இயக்கத்தை ஆராய்ந்த விஞ்ஞானி பெக்கேசி 1961 இல் நோபல் பரிசு பெற்றார்.

கேட்டல் மட்டுமன்று செவியின் தொழில். அகச்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உடலின் சமநிலையைக் காப்பதாலேயே, முதுகிற் கூடையோடு செங்குத்தான சரிவில் இறங்கும் தாய் தடுமாறாமல் நடக்கிறாள். ஏறத்தாழ 1,900 அடி உயரத்து நாவலப்பிட்டியிலிருந்து வட்டவளை வழியாக 4,100 அடி உயரத்து ஹட்டனுக்கு ரயில் ஏறும்போது காது அடைப்பதும், எச்சில் விழுங்கியவுடன் திறப்பதும், நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் காற்றழுத்தத்தைச் சமன்செய்வதன் விளைவேயாகும்.

பிராணிகளிலோ செவி அவ்வவற்றின் வாழ்வுக்கேற்ப வேறுபடுகிறது. நாம் விநாடிக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே கேட்போம். லயத்து வாசலிற் படுத்திருக்கும் நாய் 40,000க்கு மேலும் கேட்கும். வௌவால் தன் நுண்ணொலியின் எதிரொலியைப் பிடித்து இருளில் இரை தேடும். நமக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் உரையாடும் யானை, சுளகு போன்ற செவிகளை வீசி இரத்தத்தையும் குளிர்விக்கும். தவளைக்குக் கண்ணின் பின்னே வட்டமான செவிப்பறை. வெட்டுக்கிளிகளில், குறுகிய உணர்கொம்புடையதற்கு வயிற்றுப் பக்கத்திலும் நீண்ட உணர்கொம்புடையதற்கு முன்னங்கால்களிலும் செவி அமைந்திருக்கிறது. புறச்செவி காணாமையால் பாம்பைக் கட்செவி என்றனர் நம் முன்னோர். உண்மையில் அதன் அகச்செவிக்கு நிலத்தின் அதிர்வைத் தாடையெலும்பு உணர்த்துகிறது.

பறவைகளுக்கு அழிந்த மயிர்க் கலங்கள் மீண்டும் முளைக்கும். மனிதனுக்கு ஒருபோதும் முளைப்பதில்லை. ஆகவே தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களிடையே நாள்தோறும் நிற்பவருக்குச் செவிக்காப்பு அவசியம். திருவிழாவில் ஒலிபெருக்கியின் அருகே குழந்தையை நிறுத்தலாகாது. காதுக்குள் குச்சியையோ ஊசியையோ நுழைக்கலாகாது. காதிற் சீழ் வடியும் பிள்ளையைத் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். கோபத்தில் பிள்ளையின் காதோரம் அறைவது செவிப்பறையையே கிழித்துவிடக் கூடும். இயற்கை இமை தராத இப்பொறிக்கு நம் விவேகமே இமையாகட்டும்; மூடுபனிக்குள்ளிருந்து நம் பெயர் சொல்லி அழைப்பவருக்கு, முதுமையிலும் மறுகுரல் கொடுக்க வேண்டுமல்லவா?