தராசு காட்டாத நஞ்சு

கடலிலே ஒரு படகு மறிக்கப்படுகின்றது. அதிலிருந்த பொதிகள் கரைக்குக் கொண்டுவரப்பட்டு நிறுக்கப்படுகின்றன. "இத்தனை கிலோ போதைப்பொருள் பிடிபட்டது" என்று மறுநாட் செய்தி கூறுகின்றது. பிடிபட்டது மிகுந்தால் தீமை குறைந்ததென்று கொள்வதா, பெருகியதென்று கொள்வதா?

நிறை மட்டும் இவ்வினாவுக்கு விடையாகாது. காவல் இறுகினாலும் அது உயரும்; கடத்தல் பெருகினாலும் உயரும். எது நிகழ்ந்தது என்பதைச் சந்தை விலையோடு சேர்த்தே அறிதல் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி, கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2023இல் 190 தொன் மெதம்பெற்றமைன் பிடிபட்டது; 2024இல் அது 236 தொன்னாயிற்று. இத்துணை பிடிபட்டும் விலை ஏறவில்லை. ஆதலின் வரத்தே பெருகியது எனல் பொருந்தும்.

இதற்குக் காரணம் யாது? அபினுக்கு வயல் வேண்டும், பருவம் வேண்டும். ஆப்கானிஸ்தானில் 2022இல் விதிக்கப்பட்ட தடையால், மறு ஆண்டே பொப்பிப் பயிர்ச்செய்கை 95 வீதம் குன்றியது. செயற்கைப் பொருளுக்கோ வயலுமில்லை, பருவமுமில்லை. இரசாயனங்களும் மறைவான ஓரிடமும் போதும். இலங்கையில் "ஐஸ்" என வழங்கும் மெதம்பெற்றமைன் இவ்வினத்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதனையும் கடுந்தண்டனைக்குரிய பொருள்களுட் சேர்த்தது.

இனி, சிறு பொதியும் பேராபத்தாகலாம். வலிதீர்க்கும் மருந்தாகத் தோன்றிய பென்ரனைல், ஹெரோயினிலும் ஏறக்குறைய 50 மடங்கு வலியது. இரண்டு மில்லிகிராமே ஓர் உயிரைப் போக்க வல்லது. ஒரு கிலோவில் அத்தகைய ஐந்து இலட்சம் அளவுகள் அடங்கும். தராசில் இலேசாய் நிற்பது ஊரில் பாரமாய் இறங்குகின்றது.

சட்டம் ஒரு பொருளைத் தடுத்தால், அதன் மூலக்கூற்றைச் சிறிது மாற்றி வேறொன்றைச் செய்துவிடுகின்றனர். அதனால் 2019 மே மாதத்தில் சீனா பென்ரனைல் இனம் முழுவதையும் தடைக்குள் கொணர்ந்தது. ஆயின் அதே ஆண்டளவில் நிற்றசீன்கள் என்னும் வேறோரினம் சந்தையில் தலைகாட்டியது. 1950களில் ஆராயப்பட்டு, மருந்தாக ஏற்கப்படாது விடப்பட்டவை அவை.

வாங்குபவனுக்குத் தன் கையிலுள்ளது யாதென்று தெரியாது. பலவேளை விற்பவனுக்கும் தெரியாது. ஆகவே பிடிபட்டதை நிறுப்பதோடு அமையாது, அது யாதென விரைந்து சோதித்து வைத்தியசாலைகளுக்கு அறிவித்தலும் இன்றியமையாதது. பென்ரனைல், நிற்றசீன் முதலியவற்றால் மூச்சு அடங்குவோரை நலொக்சோன் என்னும் மாற்றுமருந்து மீட்கக்கூடும். ஐஸுக்கு அது பயன்படாது. நஞ்சின் பெயர் தெரிந்தாலன்றோ தக்க சிகிச்சை காலத்தே கிட்டும்.