மெருகும் மெழுகும்

கரிசல் நிலத்தில் கார் வைத்திருப்பவனுக்கு ஆண்டில் இரண்டு முறை சோதனை வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வீசும் காற்று, விதைப்புக்காகக் காத்துக் கிடக்கும் காடுகளின் புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து வண்டியின்மேல் கொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினாலோ, அதே புழுதி சேறாகிச் சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுக்குள் அப்பிக்கொள்கிறது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போனாலும் சரி, கழுகுமலை போனாலும் சரி, புறப்பட்ட நிறத்தோடு வண்டி வீடு திரும்புவதில்லை.

நான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மோட்டார்த் தொழில் கற்றவன் அல்லன். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் காரை நானே கழுவி, துடைத்து, மெழுகு பூசி வருகிறேன். முதலில் வைத்திருந்தது பழைய அம்பாசடர். வங்காளத்து உத்தரபாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டிதான். இப்போதிருப்பது சிறிய வண்டி. இந்த வேலையில் நான் அறிந்தவற்றுள் பாதி, பிழை செய்து அறிந்தவை. அவற்றையே முதலில் சொல்லிவிடுவது நேர்மை.

காலையில் எழுந்ததும் ஒரு துணியை எடுத்து வண்டியின்மேல் படிந்த புழுதியைத் தட்டித் துடைப்பது நம் ஊரில் எல்லாரும் செய்வது. நானும் அம்பாசடரைப் பல ஆண்டுகள் அவ்வாறே துடைத்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தால், முன்மூடி முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்! நம் கரிசலில் மிகுந்திருக்கும் களிமண், மான்ட்மோரில்லோனைட் என்னும் வகையைச் சேர்ந்தது. நீர்பட்டால் ஊதிப் பெருக்கும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்தக் களிமண் மிருதுவானதுதான். ஆனால் அதனோடு கலந்துவரும் நுண்மணல் படிகக்கல்லின் துகள், கண்ணாடியையே கீறக்கூடியது. உலர்ந்த துணியால் துடைக்கும்போது அந்தத் துகள்களை நாமே உப்புத்தாள்போல் வருணத்தின்மேல் தேய்க்கிறோம். ஆகவே முதல் விதி இது: புழுதியை நீர் எடுக்கவேண்டும், துணி எடுக்கக்கூடாது.

நீர் என்று சொன்னதும் என் இரண்டாவது பிழை நினைவுக்கு வருகிறது. கோவில்பட்டிக்குக் குடிநீர், சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் எடுக்கப்பட்டுக் குழாய்வழியாக நெடுந்தூரம் வருகிறது. கோடையில் அது எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதை ஊர்க்காரர்களைக் கேட்டால் பெருமூச்சுத்தான் விடை. அப்படி ஒரு சித்திரை மாதக் காலையில், எங்கள் தெருவில் நீர் வந்த நாளில், ரப்பர்க் குழாயைப் பிடித்து அம்பாசடரை நனைத்துக்கொண்டிருந்தேன். என் வீடு மேட்டுக்குக் கீழே; ஆதலால் எனக்கு நீர் பாய்ந்தது. மேட்டில் இருந்த ஒரு மூதாட்டியின் குழாயில் காற்றுத்தான் வந்தது. அவர் இடுப்பில் வெறுங் குடத்தோடு என் வாசலில் வந்து நின்றார். சற்று நேரம் வண்டியைப் பார்த்தார். பிறகு, "ஏ தம்பி, இது குளிச்சு முடிக்கதுக்குள்ள எனக்கு ரெண்டு கொடம் கெடைக்குமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். குழாயை அவர் குடத்தில் வைத்துவிட்டு நின்ற என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அன்று கணக்குப் போட்டேன். குழாயிலிருந்து நிமிடத்துக்கு 15 லிட்டர் வருவதாகக் கொண்டால், கால்மணி நேரத்தில் 225 லிட்டர். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்றால் பதினைந்து குடம்! ஒரு குடும்பத்தின் மூன்று நாள் சமையலுக்கும் குடிப்பதற்கும் போதுமான நீரை, ஒரு தகர வண்டியின் முதுகில் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அதன்பின் ரப்பர்க் குழாயை வண்டிப் பக்கம் கொண்டுவந்ததே இல்லை. மூன்று குடத்துக்குள் வேலையை முடிப்பது எப்படி என்று தேடத் தொடங்கினேன். முறையாகச் செய்தால் அதுவே போதும் என்று கண்டேன்.

அதற்கு வேண்டியவை இரண்டு வாளிகளும், தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் ஒரு பூவாளியும். வெயில் ஏறுமுன், நிழலில், உலோகம் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது தொடங்கவேண்டும். பூவாளியால் கூரையிலிருந்து கீழாக நீரைச் சொரிந்தால் தளர்ந்த புழுதி வழிந்துவிடும். சக்கர வளைவுக்குள் காய்ந்து கிடக்கும் கரிசல் கட்டியை விரலால் பெயர்க்க முயலாதீர்கள். ஈரத் துணியையோ சாக்கையோ அதன்மேல் ஒட்டிக் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். நீர்பட்டால் ஊதிப் பெருக்கும் என்று சொன்னேனே, அந்தக் குணமே இங்கே நமக்குத் துணையாகிறது. ஊறிய மண் தானே கழன்று விழும். இதைச் சோம்பலால் விட்டுவிட்டால், அந்தச் சேறு ஈரத்தையும் உப்பையும் மாதக்கணக்கில் பிடித்துவைத்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்து தின்னும். மேலே பளபளக்கும் எத்தனையோ வண்டிகள் அடியில் துருப்பிடித்து மாண்டிருக்கின்றன.

ஒரு வாளியில் சோப்பு நீர், மற்றதில் வெறும் நீர். துணியைச் சோப்பு நீரில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்தபின், வெறும் நீரில் அலசிப் பிழிந்துவிட்டே மறுபடி சோப்பு நீரில் இடவேண்டும். அலசும் வாளியின் அடியில், ஓட்டைகள் உள்ள பழைய இட்லித் தட்டொன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கீழே படியும் மணல் அதன் அடியில் தங்கிவிடுவதால் துணியில் மீண்டும் ஏறாது. என் மனைவி அந்தத் தட்டைத் தேடிய நாட்களைப் பற்றி இங்கே பேசவேண்டியதில்லை. கூரை முதலில், கண்ணாடிகள் அடுத்து, பக்கங்கள் பிறகு, அடிப்பகுதி கடைசியில். கையை வட்டமாகச் சுழற்றாமல் நேர்க்கோடாக ஓட்டவேண்டும். சக்கரங்களுக்கு வேறு துணி. அந்தத் துணி ஒருபோதும் மேலே வரக்கூடாது.

துணியைப் பற்றி ஒரு சொல். பருத்தி விளையும் பூமியில் துணிக்குப் பஞ்சமா என்பீர்கள். திருப்பூரிலிருந்து வரும் பனியன் கழிவு நல்லதுதான். ஆனால் அதிலுள்ள தையல் ஓரத்தையும் பெயர்ச்சீட்டையும் வெட்டி எறிந்துவிடுங்கள். இப்போது கிடைக்கும் மைக்ரோபைபர்த் துணி இன்னும் மேலானது. அதன் இழைகள் மிக நுண்ணியவை, அழுக்கைத் தம் இடுக்குகளுக்குள் வாங்கிக்கொள்பவை. தரையில் விழுந்த துணியை, எவ்வளவு புதியதாயினும், மறுபடி வண்டியில் வைக்காதீர்கள்.

சோப்பு விஷயத்திலும் நம்மவர் கை தாராளம். துணி வெளுக்கும் தூளும் பாத்திரம் துலக்கும் திரவமும் எண்ணெய்ப் பசையை அறுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அவை முன்பு பூசிய மெழுகையும் சேர்த்து அறுத்துவிடும். காருக்கென விற்கும் ஷாம்பு, ஒரு வாளிக்கு ஒரு மூடியளவு போதும். பழைய ஓட்டுநர்கள் சிலர் நீரில் மண்ணெண்ணெய் கலந்து துடைப்பதுண்டு. அரைமணி நேரம் வண்டி மின்னும். பிறகு தெருப் புழுதியெல்லாம் அழைப்பு இல்லாமலே வந்து ஒட்டிக்கொள்ளும். கதவு ஓரத்து ரப்பரும் கெடும்.

நம் கிணற்று நீரைக்கொண்டு கழுவுவோருக்கு ஓர் எச்சரிக்கை. கரிசலின் அடியில் சுக்கான்கல் கிடக்கிறது. ஆகவே கிணற்று நீரில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது வண்டியின்மேல் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைக்கும். காயவிடாமல் உடனே துணியை விரித்து ஒற்றி எடுக்கவேண்டும். பழைய பொட்டுகளுக்கு, வினிகரைச் சரிபாதி நீரில் கலந்து துணியில் தொட்டு ஒரு நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு கரையும். உடனே நல்ல நீரால் அலசிவிடவேண்டும்.

இனி மெருகும் மெழுகும். ஓரெழுத்து வேற்றுமைதான்; ஆனால் கடைக்குப் போய் இரண்டையும் ஒன்றென்று வாங்கி வருவோர் பலர். மெருகு என்பது எடுப்பது. மெழுகு என்பது கொடுப்பது. மெருகுப் பசையில் நுண்ணிய அரைத்தூள் இருக்கிறது. அது வருணத்தின் மேற்பரப்பை மயிரிழையினும் மெல்லியதாகச் சீவிக் கீறல்களின் விளிம்பை மழுங்கச் செய்கிறது. ஒளி சிதறாமல் திரும்புவதால் பளபளப்பு. மெழுகு எதையும் சீவுவதில்லை. நம் தாய்மார் சாணமிட்டுத் தரையை மெழுகினார்கள் அல்லவா, அதே வினைதான்: மேலே ஒரு படலம் பூசிக் காப்பது.

இந்த வேற்றுமை ஏன் முக்கியம் என்றால், சீவுவதற்கு நம்மிடம் அதிகம் இல்லை. இந்நாளைய காரில் தகட்டின்மேல் துருத் தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அனைத்துக்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு என நான்கு அடுக்குகள் உண்டு. கடைசித் தெளிபூச்சின் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் நாற்பது, ஐம்பது கூறு. தலைமயிரைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பது அதுதான். மாதந்தோறும் மெருகு போடுகிறவன் தன் வண்டியின் தோலைத் தானே உரிக்கிறான். ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் கீறல் தெரியும் இடத்தில் மட்டும், என்பதே என் வழக்கம். இரண்டு சாண் சதுரமாக எடுத்துக்கொண்டு, மெல்லத் தேய்த்து, துடைத்துப் பார்த்துவிட்டே அடுத்த இடத்துக்குப் போகவேண்டும். மூலைகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இன்னும் மெல்லியது. அங்கே கையை அழுத்தாதீர்கள்.

பழைய வண்டிகளின் கதை வேறு. 1920-கள் வரை காருக்கு வருணம் பூசி உலர்த்த வாரக்கணக்கில் ஆயிற்று. அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் ஆக்கிய 'டூகோ' என்னும் விரைந்து உலரும் பூச்சை, ஜெனரல் மோட்டார்ஸ் 1924-ஆம் ஆண்டு ஓக்லண்ட் கார்களில் பூசியது. அந்த வியாபாரப் பெயரே நம் பட்டறைகளில் வருணத்துக்குப் பொதுப்பெயராய் நெடுநாள் வழங்கிற்று. இத்தகைய பூச்சுக்கு மேலே தெளிபூச்சு இல்லை. மெருகு போடும்போது துணியில் வண்டியின் நிறமே ஏறும். என் அம்பாசடரில் முதன்முதல் அதைக் கண்டு, ஏதோ நஞ்சை வாங்கிவந்துவிட்டேன் என்று நடுங்கினேன்.

மெழுகைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை மிகுதி. உயர்ந்த கார் மெழுகு ஒரு பனையிலிருந்து வருகிறது. பிரேசில் நாட்டின் வடகிழக்கில், நம் கரிசலைப்போலவே மழை பொய்க்கும் வறண்ட நிலத்தில், கர்னாபா என்ற பனை வளர்கிறது. கொடிய வெயிலில் தன் ஈரம் ஆவியாகாமல் காக்க, அது தன் ஓலைமேல் மெழுகைச் சுரந்து பூசிக்கொள்கிறது. அந்த ஓலைகளை வெட்டி, உலர்த்தி, தட்டி உதிர்க்கும் பொடியே உருக்கப்பட்டு மெழுகாகிறது. அது உருகுவதற்கு 80 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். தேன்மெழுகுக்கோ 65 பாகைக்குள்ளாகவே போதும். நம் ஊர் எருக்கிலையைத் தடவினால் விரலில் வெள்ளைப் பூச்சு ஒட்டுகிறதே, அதுவும் இவ்வினத்து உத்திதான். தாமரை இலையில் நீர் ஒட்டாததும் இலைமேலுள்ள நுண்ணிய மெழுகு மேடுகளால்தான். மெழுகிட்ட காரின்மேல் நீர் முத்து முத்தாக உருள்வதைப் பார்க்கும்போது, வறண்ட நிலத்து மரம் கற்ற வித்தையை நாம் கடன் வாங்கியிருக்கிறோம் என்று எண்ணிக்கொள்வேன்.

பூசும் முறை எளிது. கழுவி நன்றாக உலர்ந்த வண்டியில், நிழலில், மிக மெல்லியதாகப் பூசவேண்டும். கனமாகப் பூசினால் காவல் கூடாது. துடைக்கும் வேலைதான் கூடும். சில நிமிடங்களில் மூடுபனிபோல் வெளிறும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிவாக விழுந்தால் துடைக்கலாம். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் படவிடாதீர்கள். வெள்ளைக் கறை எளிதில் போகாது. நான் ஒருமுறை சித்திரை நண்பகலில், சீக்கிரம் காயுமே என்ற பேராசையால், வெயிலில் நிறுத்தி முழு வண்டிக்கும் ஒரே மூச்சில் பூசினேன். காய்ந்தது, கல்லாய்க் காய்ந்தது. அதைத் துடைத்து எடுக்க மறுநாள் மாலைவரை ஆயிற்று. ஒரு வாரம் தோளைத் தூக்க முடியவில்லை.

நிழலுக்கென்று வேம்பின் அடியிலோ புளியின் அடியிலோ நிறுத்துகிறோம். நிழலோடு பறவைகளும் உண்டு. இப்போது மயில்களும் பெருகிவிட்டன. அவற்றின் எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடேறிய பூச்சில் அது சில மணி நேரத்திலேயே வடுச்செய்யும். சுரண்டாமல், ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்துத் தூக்கி எடுங்கள். ஆயுத பூஜையன்று வைக்கும் சந்தனத்துக்கும் இதே வைத்தியம்தான். பொட்டு வைக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் என் வீட்டில் கேட்கமாட்டார்கள். காய்ந்ததை நகத்தால் பெயர்க்காதீர்கள், அவ்வளவே.

கதவுகளின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடியோரமாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது. ஆடிப் புழுதி அதை அடைத்துவிட்டால் ஐப்பசி மழை கதவுக்குள்ளேயே தேங்கும். ஒரு மெல்லிய மூங்கில் குச்சியால் அவற்றைத் திறந்துவிடுங்கள். பிறகு முன்மூடியின்மேல் ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் உருண்டு ஓடினால் மெழுகு இன்னும் இருக்கிறது. தட்டையாகப் பரவி நின்றால் போய்விட்டது என்று பொருள். நம் வெயிலில் அது இரண்டு, மூன்று மாதத்துக்குமேல் தாங்குவதில்லை. எனவே நான் ஆனிக் காற்றுக்கு முன் ஒருமுறையும், புரட்டாசிக் கடைசியில் ஒருமுறையும் கட்டாயம் பூசுகிறேன். தை பிறந்தபின் ஒருமுறை, தோள் இடங்கொடுத்தால்.