முதலில் ஷூ, மற்றதெல்லாம் பிறகு

உட்காருங்கள் தம்பி, டீ வரட்டும். பட்டியலை இப்படிக் கொடுங்கள். அறுபது லிட்டர் பை, கூடாரம், ஸ்லீப்பிங் பேக், இரண்டு ஊன்றுகோல், தலையில் மாட்டும் விளக்கு... ஜவ்வாது மலையில் ஒரு பகல் நடந்துவிட்டு வருவதற்கா இவ்வளவும்? இதில் சொந்தக் காசு போட்டு வாங்க வேண்டியது ஷூ ஒன்றைத்தான். பை வீட்டில் இருப்பதே போதும். கூடாரம் வேண்டிய நாள் வந்தால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஷூவை மட்டும் ஏன் இரவல் வாங்கக்கூடாது என்று கேட்பீர்கள். வேறொருவர் போட்டு நடந்த ஷூ அவர் பாதத்துக்கு ஏற்றபடி உள்ளே அமுங்கியிருக்கும். உங்கள் காலுக்கு அது சரிவராது. குல்மார்க்கில் பனிச்சறுக்கு பழகுகிறவர்களுக்கும் அனுபவசாலிகள் இதையேதான் சொல்வார்கள்: பலகையை வாடகைக்கு எடு, பூட்ஸை வாங்கு. பலகையை உடல் எடையையும் திறமையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொடக்கத்தில் வளைந்துகொடுக்கும் மெதுவான பலகை நன்றாக இருக்கும். கொஞ்சம் கை தேறியதும் அது போதாமல் போய்விடும். பூட்ஸ் அப்படியல்ல. உள்ளே குதிகால் தூக்கிக்கொண்டால் எவ்வளவு விலை உயர்ந்த பலகையும் சொன்னபடி திரும்பாது.

சரி, நம் மலைக்கு வருவோம். ஜமுனாமரத்தூரைச் சுற்றி நடந்தால் பனி ஏது? சரளைக்கல், காய்ந்த புல், முள், ஓடைக்கரையில் பாசி பிடித்த பாறை, இவைதான். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கால் படாத பாடு படுவது இறங்கும்போது. உடம்பின் பாரமெல்லாம் முன்னால் சாய்ந்து விரல் நுனி ஷூவின் மூக்கில் போய் இடிக்கும். இரண்டு மணி நேரம் அப்படி இறங்கினால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். அதனால் இறக்கத்தை மனதில் வைத்து ஷூ வாங்குங்கள்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். நடக்கும்போது போடப்போகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். கயிற்றைக் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டி, கடையின் மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடிக்கக்கூடாது, குதிகால் தூக்கக்கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் எந்தக் கம்பெனி என்பது பெரிய விஷயமில்லை. ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது சகஜம். பெரிய காலுக்கே அளவு எடுங்கள்.

தண்ணீர் புகாத ஷூ என்று விலை கூட்டிச் சொல்வார்கள். இமயமலைப் பனிக்கு அது சரி. நம் வெயிலில் உள்ளே வேர்வை சீக்கிரம் வெளியேறாது. ஓடையில் கணுக்காலுக்கு மேல் நனைந்தால் மேல்வழியாகப் புகுந்த தண்ணீர் உள்ளேயே நிற்கும். வலைத்துணி வைத்த ஷூ நனையும்தான், ஆனால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். என்னைக் கேட்டால் அதுதான் இங்கே தோது. பருத்தி சாக்ஸும் வேண்டாம். ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்; ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம்தான். கம்பளி கலந்ததோ, விளையாட்டுக்காரர்கள் போடும் செயற்கை இழையோ நல்லது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. சித்தப்பா வாங்கிப் பரணில் போட்டுவைத்த ஷூ புதிதுபோலப் பளபளப்பாக இருக்கிறதே என்று எடுத்து மாட்டாதீர்கள். பல ஷூக்களின் நடு அடியில் பாலியூரித்தேன் நுரை இருக்கும். போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் அது சில வருடங்களில் சிதைந்துபோகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மலையில் பாதி வழியில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று வரும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டாலோ உதிர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

ஊர்க்காரர்கள் ரப்பர் செருப்போடு ஏறுகிறார்களே என்பீர்கள். சின்ன வயதிலிருந்து அந்தப் பாறையில் நடந்த கால் அது. உங்களுடையது அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்த கால். புது ஷூவைப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் மார்க்கெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடங்கள். எங்கே கடிக்கிறது என்று ஊரிலேயே தெரிந்துவிடும்.

மற்றவை எளிது. முழுக்கால் பேன்ட், முழுக்கை சட்டை, தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு விசில், ஒரு டார்ச். கூடாரத்துக்கு எடுத்துவைத்த பணம் அப்படியே இருக்கட்டும்.

ஷூ வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம். கோடையில் தீ அபாயம் இருந்தால் பாதைகளை மூடியும் வைப்பார்கள். முதலில் வனத்துறையிடம் போய் எந்தப் பாதை திறந்திருக்கிறது, யார் வழிகாட்டி என்று கேளுங்கள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு ஷூக் கடைக்குப் போகலாம்.